முதியவருக்கும் ரோபோவுக்கும் சேர்த்து ஒரு சென்சார் அறை: முழுமையான வழிகாட்டி

வீட்டு ரோபோ செய்யக் கிளம்புபவர்கள் பெரும்பாலும் பணம் முழுவதையும் ரோபோவின் மேலேயே போடுகிறார்கள். லைடார் (லேசர் கதிரால் தூரம் அளக்கும் கருவி), ஆழம் அளக்கும் கேமரா, வேகமான கணினி எல்லாம் அதன் முதுகில் ஏறுகின்றன. ஆனாலும் கட்டிலுக்கு மறுபுறம் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அதனால் பார்க்க முடியாது. லைடார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒரே கிடைத் தளத்தை மட்டும் பார்க்கிறது. அந்தத் தளத்துக்குக் கீழே நீட்டிய கையும் அதற்குத் தெரியாது, நடுவில் கட்டில் சட்டம் இருந்தால் அதற்கு அப்பாலும் தெரியாது.

அதே சென்சார்களை அறையின் சுவரிலும் கூரையிலும் வைத்தால் எளிமையான ரோபோவே போதும். அறைக்குத் தெரிந்தது ரோபோவுக்கும் தெரியும், ரோபோ இல்லாத நேரத்திலும் அந்த அறை மனிதருக்கு உதவும். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிடேகி ஹாஷிமோட்டோவின் ஆய்வகம் 1996இல் முன்வைத்த ‘அறிவார்ந்த வெளி’ என்ற கருத்தின் சாரம் இதுதான். சென்சார், கணிப்பு, வலைத்தொடர்பு மூன்றும் ஒன்றாய் அமைந்த சிறு கருவிகளை அறையெங்கும் பரப்பி, அவற்றைச் சேர்த்து இயக்க வேண்டும். அன்று ஆய்வகத்தில் மட்டுமே முடிந்ததை இன்று கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு படுக்கையறையில் செய்யலாம்.

இத்தகைய அறைகள் தோற்பதற்கு மட்டமான சென்சார் காரணமாவது அபூர்வம். ஒவ்வொரு சென்சாரும் தனக்கென ஒரு வரைபடமும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு பேசும்போதுதான் எல்லாம் குழம்புகிறது. அதனால் கீழே வரும் படிகளில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த அறை, என்ன வேலை

எடுத்துக்கொள்ளும் அறை 10 அடிக்கு 12 அடி, அதாவது 3.05 மீட்டருக்கு 3.66 மீட்டர். கூரை உயரம் 2.7 மீட்டர். நடுவில் 1200 மி.மீ. மின்விசிறி, ஒரு கட்டில், ஓர் இரும்பு பீரோ, ஒட்டிய குளியலறை. இருப்பவர் ஒரு முதியவர். ரோபோ, சக்கரத்தில் ஓடும் டர்ட்டில்பாட்3 வாஃபிள் பை: ஏறத்தாழ 28 செ.மீ.க்கு 31 செ.மீ., அதிகபட்ச வேகம் நொடிக்கு 0.26 மீட்டர்.

மூன்றே வேலைகள். மருந்து நேரத்தில் மாத்திரைப் பெட்டியைக் கட்டிலருகே கொண்டுவர வேண்டும். வழக்கத்துக்கு மாறாக அசைவே இல்லையென்றால் அருகே போய்க் கேட்க வேண்டும். இரவில் அவர் எழுந்தால் விளக்கு எரிய வேண்டும், ரோபோ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்றாவதை யாரும் ஒரு வேலையாக எண்ணுவதில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் குளியலறைக்குப் போகிறவரின் காலடியில் நகரும் பொருள் ஒன்று இருக்கவே கூடாது. ‘ரோபோ வழிகாட்டி அழைத்துச் செல்லும்’ என்ற ஆசையை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் விளக்குதான் உதவி.

தேவையான பொருள்கள்

- இஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுக் கணினி) 2, 5 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் 2, 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 2
- எல்டி2450 ரேடார் 1, எல்டி2410 ரேடார் 1 (இரண்டும் 24 கிகாஹெர்ட்ஸ்)
- கதவுக்கு ரீட் சுவிட்சும் (காந்தம் நெருங்கினால் இயங்கும் சுவிட்ச்) காந்தமும் 2 ஜோடி
- 1080பி யூஎஸ்பி கேமரா 1: கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 டிகிரி, குவியம் மாறாதது
- 8 ஜிபி நினைவகமுள்ள மினி கணினி 1: உபுண்டு 24.04 (இயங்குதளம்), ராஸ் 2 ஜாஸி (ரோபோவை இயக்கும் மென்பொருள்), மொஸ்கிட்டோ (சென்சார் செய்திகளைக் கைமாற்றுவது), ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுக் கருவிகளைச் சேர்த்து இயக்குவது)
- ரோபோ, அதன்மேல் 45 செ.மீ. உயரத்தில் 35 செ.மீ.க்கு 30 செ.மீ. தட்டு
- ரௌட்டருக்கும் மினி கணினிக்கும் யூபிஎஸ்

பிஐஆர் சென்சார் ஏன் பட்டியலில் இல்லை என்று தோன்றலாம். அது உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சித்திரை மாத மதியத்தில் சுவரே 35 டிகிரியைத் தொடும்போது அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் எந்த மாதத்திலும் அதற்குத் தெரியமாட்டார்.

கட்டில் கால்களுக்கு அடியில் 50 கிலோ எடை சென்சார் நான்கு வைப்பதும் பலர் செய்வது. மொத்தம் 200 கிலோ தாங்கும் என்ற கணக்கு ஏமாற்றும். தேக்குக் கட்டிலும் மெத்தையுமாக ஒவ்வொரு காலிலும் ஏற்கெனவே 15, 20 கிலோ இருக்கும். மூலையில் ஒருவர் உட்கார்ந்தால் அந்த ஒரு கால் 50 கிலோவைத் தாண்டும், சென்சார் நிரந்தரமாக வளையும். இலேசான இரும்புக் கட்டிலுக்கு மட்டும் வையுங்கள். அங்கும் எடையின் அளவை நம்பாமல் திடீர் மாற்றத்தை மட்டும் பாருங்கள், ஏனெனில் நாள்முழுவதும் பாரம் இருந்தால் அளவு மெல்ல நகரும்.

படி 1: அறைக்கு ஒரு மூலைக்கல்

எந்த மின்கம்பியையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள். வாசலருகே ஒரு மூலையைப் பூஜ்யப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் நோக்கி நின்றால் நீளச் சுவர் வலக்கைப் பக்கமாக இருக்கும் மூலை வேண்டும். அந்தச் சுவரோடு போவது எக்ஸ், அதற்கு இடப்பக்கம் ஒய், மேல்நோக்கி இசட். எல்லாம் மீட்டரில், கோணங்கள் ரேடியனில், இடஞ்சுழியாக. ராஸ் உலகின் வழக்கமும் இதுவே.

தரையில் ஒவ்வொரு மீட்டருக்கும் காகித டேப்பால் ஒரு சிலுவைக் குறி ஒட்டி, பக்கத்தில் எண்களை எழுதுங்கள். கட்டில், பீரோ, குளியலறை வாசல் ஆகியவற்றின் மூலைகளை அளந்து ஒரே கோப்பில் பதியுங்கள். இனி எந்தச் சென்சார் எதைச் சொன்னாலும் இந்த எண்களில்தான் சொல்ல வேண்டும். டேப்பை வேலை முடியும்வரை பிரிக்காதீர்கள்.

படி 2: ரேடார்கள்

எல்டி2450 ஒரே நேரத்தில் மூன்று பேர் வரை இருக்குமிடத்தைச் சொல்லும், ஆனால் நகர்பவரைத்தான் நன்றாகப் பின்தொடரும். நாற்காலியில் அசையாமல் இருப்பவரைச் சிறிது நேரத்தில் தொலைத்துவிடும். எல்டி2410க்கு இடம் தெரியாது, 75 செ.மீ. பட்டைகளில் தூரம் மட்டும் தெரியும். ஆனால் மூச்சின் மெல்லிய அசைவையும் அது பிடித்துக்கொள்ளும். முன்னது ‘எங்கே’ என்பதற்கு, பின்னது ‘இன்னும் இருக்கிறாரா’ என்பதற்கு.

இரண்டையும் ஒரே இஎஸ்பி32இல் இணைக்கலாம். இரண்டுமே 5 வோல்ட், சீரியல் இணைப்பின் வேகம் நொடிக்கு 256000 பிட். எல்டி2410ஐ 16, 17 பின்களிலும் எல்டி2450ஐ 25, 26 பின்களிலும் வையுங்கள். ரோவர் வகை இஎஸ்பி32 என்றால் 16, 17 அதன் கூடுதல் நினைவகத்துக்குப் போய்விடும், வேறு பின் பாருங்கள். பழைய இஎஸ்பி8266இல் முழுமையான சீரியல் இணைப்பு ஒன்றுதான், இரண்டு ரேடார்களுக்கு அது போதாது. மின்தேக்கியைப் பலகையின் 5 வோல்ட், கிரவுண்ட் பின்களுக்கு இடையே, பலகைக்கு மிக அருகில் வையுங்கள். வைஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் எகிறும்போது மெல்லிய நீள வயரில் வோல்ட் சரிந்து பலகை தானாக மறுபடி தொடங்கும். ‘சென்சார் அடிக்கடி காணாமல் போகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி இதுதான்.

அடுத்தது மின்விசிறி. ரேடாருக்குச் சுழலும் இறக்கையும் ஒரு நடமாட்டமே. குறுகிய சுவரின் நடுவில் 1.5 மீட்டர் உயரத்தில் எல்டி2450ஐ நேராக வைத்தால், செங்குத்தாக 35 டிகிரி மேலே பார்க்கும் அதன் பார்வை அறை நடுவில் ஏறத்தாழ 2.78 மீட்டர் உயரத்தைத் தொடும். விசிறி இருப்பதோ 2.4 மீட்டரில். சென்சாரை 20 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால், மேல் விளிம்பு விசிறியின் தொலை முனையிலும் 2.15 மீட்டரைத் தாண்டாது. அந்தச் சாய்வுக்கு ஒரு மரத்துண்டு போதும். விசிறிக் காற்றில் ஆடும் கொசுவலையும் திரைச்சீலையும் இப்படியே ‘ஆளாக’த் தெரியும். அவற்றுக்கு எல்லை குறித்து விலக்க வேண்டியதுதான்.

இரும்பு பீரோ தரும் தொல்லை வேறு விதம். ரேடார் அலை அதில் பட்டுத் திரும்பி, உண்மையில் இல்லாத ஒருவரைப் பீரோவுக்குப் பின்னால், சுவருக்கு வெளியே காட்டும். அறையின் எல்லைக்கு அப்பால் வரும் எந்தப் புள்ளியையும் உடனே தள்ளிவிடும் விதியை முதல் நாளே எழுதுங்கள்.

அளவுகளை அறையின் எண்களுக்கு மாற்ற, நான்கு டேப் குறிகளில் ஒவ்வொன்றிலும் 30 நொடி இலேசாக அசைந்தபடி நில்லுங்கள். ரேடார் சொல்லும் சராசரியை எழுதி, திருப்பமும் நகர்வும் கணக்கிடுங்கள். ரேடாரின் இடவலம் அறையின் இடவலத்துக்குத் தலைகீழாக இருக்கலாம். பீரோப் பக்கம் நின்றால் திரையிலும் பீரோப் பக்கமே தெரிகிறதா என்று பாருங்கள். இஎஸ்பி32க்கான ஆயத்த மென்பொருளான இஎஸ்பிஹோமைப் பயன்படுத்தாமல் சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்டி2450 அனுப்பும் எண்ணில் மேல் பிட் 1 என்றால் கூட்டல், 0 என்றால் கழித்தல். வழக்கத்துக்கு நேர் எதிர்.

ரீட் சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது இஎஸ்பி32 அதற்குத்தான். காந்தத்துக்கும் அதற்கும் இடைவெளி 1 செ.மீ.க்குள் இருக்கட்டும், மழைக்காலத்தில் மரக்கதவு உப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 34 முதல் 39 வரையான பின்களில் உள் புல்லப் (பின்னை நிலையான வோல்ட்டில் இழுத்துவைக்கும் மின்தடை) இல்லை, அவற்றில் மாட்டினால் கதவு தானே திறந்து மூடுவதாகக் காட்டும்.

படி 3: கூரைக் கேமரா

இந்தக் கேமரா மனிதரைப் பார்ப்பதற்கு இல்லை. ரோபோவின் தட்டில் ஒட்டிய ஏப்ரல்டேக் அட்டையை (கேமரா அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி) மட்டும் தேடும். படத்தைச் சேமிக்காமல், அட்டையின் இடத்தையும் கோணத்தையும் மட்டும் வெளியே அனுப்பச் செய்யுங்கள். இதை அறையில் இருப்பவரிடம் காட்டி, விளக்கி, சம்மதம் கேளுங்கள். கேமராவின் வயருக்கு அவர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுங்கள். அவர் அணைத்தால் ரோபோ நின்றுவிடும், மற்ற எல்லாம் வேலை செய்யும். தன் படுக்கையறையில் என்ன நடக்கிறது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

கூரையின் நடுவிடம் விசிறிக்குப் போய்விட்டது. விசிறி மையத்திலிருந்து நீளவாக்கில் 1 மீட்டர் தள்ளிக் கேமராவைப் பொருத்துங்கள். இறக்கையின் முனை அங்கிருந்து 40 செ.மீ. தூரத்தில், 30 செ.மீ. கீழே இருக்கும். கேமராவை 5 டிகிரி மட்டும் அறை நடுவை நோக்கிச் சாய்த்தால் அதன் பார்வை அந்த ஆழத்தில் 36 செ.மீ. வரைதான் போகும், இறக்கை படத்தில் விழாது. 10 டிகிரி சாய்த்தால் விழும், அட்டை விட்டுவிட்டுத் தெரியும்.

தட்டின் உயரத்தில் இந்தக் கேமரா நீளவாக்கில் சுமார் 4.5 மீட்டரும் குறுக்கே சுமார் 2.5 மீட்டரும் பார்க்கும். மீட்டருக்கு ஏறத்தாழ 427 பிக்சல். 15 செ.மீ. அட்டைக்கு 64 பிக்சல். 36எச்11 என்ற ஏப்ரல்டேக் வகை அட்டையில் ஒரு பக்கத்துக்கு 8 கட்டங்கள் என்பதால் கட்டத்துக்கு 8 பிக்சல் கிடைக்கும், அது தாராளம். குறுக்கே 2.5 மீட்டர்தான் தெரிவதால் ரோபோவின் மையம் சுவரிலிருந்து 45 செ.மீ.க்குள் போகாதபடி வரைபடத்தில் தடைப்பகுதி வரையுங்கள். குளியலறை வாசலையும் அதில் சேர்த்துவிடுங்கள். ஈரத் தரையில் ரோபோவுக்கு வேலை இல்லை.

அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு இருந்தால் அட்டை சுருங்கும். அச்சான பின் கறுப்புச் சட்டத்தின் வெளி விளிம்பை அளவுகோலால் அளந்து, அந்த எண்ணைக் கொடுங்கள். வெள்ளை ஓரம் அளவில் சேராது, ஆனால் கட்டாயம் இருக்க வேண்டும். ஓரத்தோடு சேர்த்து அட்டை 19 செ.மீ. பிடிக்கும், தட்டில் மீதி 16 செ.மீ. மாத்திரைப் பெட்டிக்கு. பெட்டி 5 செ.மீ.க்கு மேல் உயரமாக வேண்டாம். மினுமினுக்கும் லேமினேஷனும் வேண்டாம், டியூப்லைட் அதில் பட்டுத் தெறித்தால் கட்டங்கள் வெளுத்துவிடும்.

கேமராவில் மின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள், பல கேமராக்கள் 60இல் வருகின்றன. ஒளிபடும் நேரம் 10 மில்லிநொடி. ரோபோவின் முழு வேகத்தில்கூட அந்த நேரத்தில் ஏற்படும் மங்கல் 2.6 மி.மீ.தான், ஏறத்தாழ ஒரு பிக்சல். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. சதுரங்கப் பலகைப் படத்தால் லென்ஸை அளவீடு செய்தபின், அட்டையை 45 செ.மீ. உயர முக்காலியில் வைத்து டேப் குறிகள் ஒவ்வொன்றின் மேலும் நிறுத்திப் பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் பிசகினால் அளவீட்டை மறுபடி செய்யுங்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், சரியாகாது.

படி 4: ஒரே கடிகாரம்

கேமரா பார்த்த கணத்துக்கும் அந்தச் செய்தி ரோபோவை அடையும் கணத்துக்கும் 200 மில்லிநொடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நேராக ஓடும் ரோபோ அதற்குள் 5 செ.மீ. நகர்ந்திருக்கும், பரவாயில்லை. ஆனால் இடத்திலேயே திரும்பும்போது வாஃபிள் நொடிக்கு 1.82 ரேடியன் சுழலும். 200 மில்லிநொடியில் அது 21 டிகிரி. பழைய கோணத்தைப் புதியது என்று நம்பிய ரோபோ திருத்தத்தைத் திருத்தி, கட்டிலருகே இடமும் வலமும் ஆடிக்கொண்டே நிற்கும். பார்ப்பவர்கள் மோட்டாரைப் பழிப்பார்கள்.

மினி கணினியில் குரோனி என்ற மென்பொருளை நேர வழங்கியாக நிறுவி, ரோபோவுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை கணினி அதனிடம் மட்டும் நேரம் கேட்கும்படி செய்யுங்கள். வித்தியாசம் 10 மில்லிநொடிக்குள் வரும்வரை ரோபோவை ஓட்ட வேண்டாம். பை 4 வரையான பலகைகளில் மின்சாரம் போனால் கடிகாரமும் போய்விடும். மின்தடைக்குப் பின் ரோபோ தவறான நேரத்தோடு எழும்பி, எல்லா நிலைத் தகவலையும் ‘எதிர்காலத்தது’ என்று தள்ளும். நேரம் பொருந்தியதா என்று பார்த்த பிறகே வழிசெலுத்தல் தொடங்கும்படி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு கேமராச் செய்தியிலும் படம் எடுத்த நேரம் இருக்க வேண்டும், கணக்கு முடிந்த நேரம் கூடாது.

படி 5: ரோபோவின் இருப்பிடத்தை இணைத்தல்

ராஸ் 2இல் இருப்பிடம் ‘மேப்’ (அறையின் வரைபடம்), ‘ஓடம்’ (சக்கரச் சுழற்சிக் கணக்கின் தொடக்கப் புள்ளி), ‘பேஸ் லிங்க்’ (ரோபோவின் உடல்) என்று ஒரு சங்கிலியாகப் போகும். ஓடத்திலிருந்து பேஸ் லிங்க் வரை ரோபோவின் சக்கரம் சொல்லும். கேமரா ரோபோவை நேரடியாகப் பார்ப்பதால், மேப்பிலிருந்து பேஸ் லிங்குக்கு நேராக அறிவித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் பேஸ் லிங்குக்கு இரண்டு பெற்றோர் ஆகிவிடும். சங்கிலி அறுந்து, ரோபோ இரண்டு இடங்களுக்கு மாறி மாறித் தாவும். கேமரா தந்த நிலையை, அதே கணத்துச் சக்கர நிலையின் தலைகீழோடு பெருக்கி, மேப்பிலிருந்து ஓடத்துக்கான மாற்றமாக மட்டும் அறிவியுங்கள். அட்டை தட்டின் ஓரத்தில் இருப்பதால் ரோபோ மையத்திலிருந்து அதன் விலகலை அளந்து சேர்க்கவும் வேண்டும். அட்டை தெரியாத நேரத்தில் சக்கரக் கணக்கே ஓடட்டும். 3 நொடிக்கு மேல் தெரியாவிட்டால் ரோபோ நிற்கட்டும்.

ரோபோவும் மினி கணினியும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் இரண்டின் டொமைன் எண்ணும் (ஒரே எண் உள்ளவையே ராஸ் 2இல் பேசிக்கொள்ளும்) ஒன்றா என்று பாருங்கள். டர்ட்டில்பாட் கையேட்டில் அது 30. அடுத்து ரௌட்டரில் மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பல கருவிகளுக்கு அனுப்புவது) தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: ஆள் யார், ரோபோ எது

ரோபோ நகரத் தொடங்கியதும் ரேடார் அதையும் ஓர் ஆளாக எண்ணும். அறையில் முதியவர் இல்லாதபோதும் ‘ஒருவர் நடக்கிறார்’ என்று வரும், அதைக் கேட்டு ரோபோ நிற்கும், ரேடாரில் ஆள் மறையும், ரோபோ மறுபடி கிளம்பும். கேமராவுக்கு ரோபோ இருக்குமிடம் தெரியும் என்பதால், அதிலிருந்து 50 செ.மீ.க்குள் புதிதாகத் தோன்றும் ரேடார் புள்ளியை விலக்கிவிடலாம். ‘புதிதாக’ என்பது முக்கியம். வேறிடத்திலிருந்து தொடர்ந்து வந்து ரோபோவை நெருங்கிய புள்ளி மனிதர்தான், அதை ஒருபோதும் விலக்கக் கூடாது.

மனிதரின் இடத்தை 60 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தடையாக ரோபோவின் வரைபடத்தில் போடுங்கள். அவர் 1.5 மீட்டருக்குள் இருந்து, நொடிக்கு 0.2 மீட்டருக்கு மேல் நகர்ந்தால் ரோபோ உடனே நிற்க வேண்டும். மருந்து கொடுக்கும்போது முதுகுப் பக்கமாக நெருங்கக் கூடாது. கட்டிலின் எந்தப் பக்கம் அவர் உட்காருவார் என்பது வீட்டாருக்குத் தெரியும், அங்கே எதிரில் கை எட்டும் தூரத்தில் நிற்கும் புள்ளியை நிரந்தரமாகக் குறியுங்கள். ரோபோவின் வேகத்தை நொடிக்கு 0.15 மீட்டராகவும், முடுக்கத்தை நொடிக்கு நொடி 0.3 மீட்டராகவும் குறைத்துவிடுங்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு எழ முயல்வது மிக ஆபத்து, ரோபோ உருண்டுவிடும். எழுவதற்குக் கட்டிலருகே சுவரில் ஒரு கைப்பிடி அடித்துக் கொடுங்கள்.

படி 7: மௌனத்தை எப்படிப் படிப்பது

சென்சார் எதுவும் சொல்லவில்லை என்றால் ‘ஆள் இல்லை’ என்று பொருள் இல்லை, ‘தெரியவில்லை’ என்றுதான் பொருள். சென்சார் செய்திகள் மொஸ்கிட்டோ வழியாகப் போகும் முறையான எம்க்யூடிடியில் தக்கவைத்த செய்தி வசதி இயங்கினால், செத்துப்போன சென்சாரின் கடைசிச் சொல்லான ‘அறை காலி’ என்பது நாள்கணக்கில் அப்படியே நிற்கும். ரேடார் செய்திகளுக்கு அதை அணைத்து, தொடர்பு அறுந்தால் தானாகப் போகும் இறுதிச் செய்தியை ஒவ்வொரு இஎஸ்பி32க்கும் வையுங்கள். ரேடார் ஒரு நொடி மௌனமானால் ரோபோ நிற்க வேண்டும்.

அசைவில்லாத நேரத்துக்கான விதியை எழுதும்போது வீட்டின் பழக்கத்தைக் கேட்டு எழுதுங்கள். இந்த ரேடார்களுக்கு உயரம் தெரியாது. தரையில் விழுந்து கிடப்பதும் மதியம் பாயில் படுப்பதும் அவற்றுக்கு ஒன்றே. பாய் போடும் இடத்தைத் தனிப் பகுதியாகக் குறித்து, அதற்கும் கட்டிலுக்கும் வெளியே 5 நிமிடம் அசைவின்றி ஆள் இருந்தால் ரோபோ போய்க் கேட்கட்டும். ‘அம்மா, நல்லா இருக்கீங்களா?’ என்று மகளோ பேரனோ பேசிப் பதிந்த குரல் இருக்கட்டும், இயந்திரக் குரலுக்குப் பலர் பதில் சொல்வதில்லை. தட்டில் ஒரு பெரிய பொத்தான் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் அது அழுத்தப்படாவிட்டால் வீட்டாருக்குத் தொலைபேசி போக வேண்டும். விழுந்தவருக்குப் பொத்தான் எட்டாமல் போகலாம், அதனால் அழைப்பைத் தடுக்கும் வேலை மட்டுமே அந்தப் பொத்தானுக்கு. ரோபோ கிளம்ப முடியாவிட்டாலும் அழைப்பு போயே தீர வேண்டும். இது மருத்துவக் கருவி இல்லை. கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான் இருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்.

படி 8: ஓட்டிப் பார்ப்பது

முதல் இரண்டு வாரம் ரோபோவை அறைக்குள் விடாதீர்கள். அறை மட்டும் கவனித்துப் பதியட்டும். தினமும் மாலையில் பதிவை அவரோடு உட்கார்ந்து ஒப்பிடுங்கள்: எழுந்தது எப்போது, அறை சொன்னது எப்போது. தவறாக வந்த ஒவ்வொரு ‘ஆளு’க்கும் காரணம் கண்டுபிடியுங்கள், பெரும்பாலும் திரைச்சீலையாகவோ விசிறியாகவோ இருக்கும். பிறகு ரோபோவை, வீட்டார் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும், காலையும் இரவும் மருந்து நேரத்தில் ஓட்டுங்கள். தட்டின் விளிம்பில் மோட்டார் மின்சாரத்தையே துண்டிக்கும் சிவப்பு சுவிட்ச் இருக்க வேண்டும். நிரலை நிறுத்தும் பொத்தான் அதற்கு ஈடாகாது.

ரோபோ ஏறத்தாழ 2 மணி நேரம்தான் ஓடும், தானே போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வசதியும் இதில் இல்லை. 11 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது கூவும், அப்போது நிறுத்திவிடுங்கள். லித்தியம் பாலிமர் மின்கலத்தைப் படுக்கையறையில் சார்ஜ் ஏற்ற வேண்டாம். வெளியே, சிமெண்டுத் தரையில், யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏற்றுங்கள். உப்பியிருந்தால் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

கட்டிலையோ பீரோவையோ நகர்த்தினால் படி 1இன் கோப்பை அன்றே திருத்துங்கள். மாதம் ஒருமுறை கேமரா லென்ஸைத் துடைத்தபின் அட்டையை இரண்டு டேப் குறிகளில் வைத்துப் பாருங்கள். துடைக்கிற கை கேமராவை ஒரு டிகிரி அசைத்திருந்தால்கூட அறையின் மறுகோடியில் பல சென்டிமீட்டர் பிசகும்.